இங்க்ஸ்கேப்பை மூலநிரலிலிருந்து நீங்களே பில்டு செய்வது எப்படி?

ஒரு கட்டற்ற மென்பொருளை பில்டு செய்ய, அதாவது மனிதர் எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்ற, அதன் களஞ்சியத்தில் (நிரலைச் சேமித்து வைத்திருக்கும் இடத்தில்) தந்திருக்கும் குறிப்பு பெரும்பாலும் ஐந்து வரிதான். நிரலை இறக்கு, ஒரு ஃபோல்டர் உருவாக்கு, சிமேக் ஓட்டு, மேக் ஓட்டு, நிறுவு. ஐந்தையும் நகலெடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது என்றுதான் முதல் தடவை நானும் நினைத்தேன். மூன்றாவது வரியிலேயே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அந்த ஐந்து வரியை எழுதியவர் மீது தப்பில்லை. தேவையானவை எல்லாம் அவருடைய கணினியில் வருடக்கணக்காகக் குடியிருக்கின்றன. நம் கணினியில் இல்லை. புதியவர் தடுக்கி விழுவது வரிக்கும் வரிக்கும் நடுவில்தான். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

எடுத்துக்கொள்வது இங்க்ஸ்கேப். வெக்டர் படம் வரைகிற மென்பொருள். 2003இல் சோடிபோடி என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து கிளைத்து வந்தது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அளவு. பிரவுசரையோ ஆஃபீஸ் தொகுப்பையோ பில்டு செய்யப் போனால் ஒரு நாள் போய்விடும். சின்னதாக ஒரு நோட்பேடை எடுத்தால் எந்தச் சிக்கலும் வராது, எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது. இங்க்ஸ்கேப் நடுவில் நிற்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழி, ஜன்னல்களுக்கு ஜிடிகே, பில்டுக்கு சிமேக், களஞ்சியம் கிட்லேப் என்ற இணையதளத்தில். இதில் கைப்பழக்கம் வந்தால் மற்ற பல மென்பொருள்களிலும் தொண்ணூறு சதவீதம் இதே கதைதான்.

கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து தட்ட வேண்டிய வடிவம், களஞ்சியத்தில் இன்ஸ்டால், ரீட்மீ என்ற பெயர்களில் இருக்கும் கோப்புகளில் கிடைக்கும். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது லினக்ஸை வைத்து. விண்டோஸில் எம்சிஸ்2 என்ற சூழலை நிறுவி, அதன் டெர்மினலுக்குள் கிட்டத்தட்ட இதே படிகளைச் செய்யலாம். மேக்ஓஎஸ்ஸில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளும் ஹோம்ப்ரூ போன்ற ஒரு பொதி மேலாளரும் (மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) வேண்டும், கொஞ்சம் சுற்றுவழி. முதல் தடவை என்றால் லினக்ஸில் பழகுவதுதான் சுலபம். வெர்ச்சுவல் மெஷினாக இருந்தாலும் சரி.

தொடங்கும் முன்

முதலில் ஒரு கேள்வி: உண்மையிலேயே பில்டு செய்ய வேண்டுமா? படம் வரைய மட்டும்தான் இங்க்ஸ்கேப் வேண்டும் என்றால் தயாராகக் கிடைக்கும் பொதியை நிறுவிவிட்டு வரையப் போங்கள். களஞ்சியத்தில் சேர்ந்துவிட்ட ஒரு திருத்தம் இன்னும் வெளியீட்டில் வரவில்லை, உங்கள் லினக்ஸில் இருக்கும் பதிப்பு ரொம்பப் பழையது, அல்லது நிரலில் நீங்களே எதையாவது மாற்றிப் பார்க்க ஆசை. இப்படி ஒரு காரணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

வட்டில் பத்து ஜிபியாவது காலி இருக்கட்டும். நினைவகம் எட்டு ஜிபி இருந்தால் நிம்மதி. நான்கில் முடியாது என்றில்லை, ஆனால் பின்னால் சொல்லும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்.

வேலை செய்யும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். மேக் என்ற கருவி பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதியது. அதன் உலகத்தில் இடைவெளி என்றால் ஒரு கோப்பின் பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று அர்த்தம். 'என் வேலை' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் 'என்' ஒரு கோப்பு, 'வேலை' இன்னொரு கோப்பு என்று அது எண்ணிக்கொள்ளும் ஆபத்து இன்றைக்கும் உண்டு. வீட்டு டைரக்டரிக்குள் எஸ்ஆர்சி என்று மூன்றெழுத்தில் ஒன்றை உருவாக்கி அதற்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நிரலை இறக்குவது

கிட்லேப் பக்கத்தில் ஸிப் கோப்பாக இறக்கிக்கொள்ளும் பொத்தான் கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். இங்க்ஸ்கேப்பின் நிரல் முழுவதும் ஒரே களஞ்சியத்தில் இல்லை. வடிவியல் கணக்குகளைச் செய்யும் லிப்2ஜியோம், நீட்சிகள், தீம்கள் எல்லாம் தனித்தனிக் களஞ்சியங்களாக இருந்து, சப்மாட்யூல் என்ற முறையில் உள்ளே ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. ஸிப்பில் இறக்கினால் அந்த ஃபோல்டர்கள் காலியாகவே வரும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் சாதாரண கிட் குளோன் போட்டு நகலெடுத்தாலும் அதே கதைதான். கிட் குளோனோடு ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் எல்லாம் வரும். மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியதில்லை. கிட் சப்மாட்யூல் அப்டேட் என்ற கட்டளையை இனிட், ரிகர்சிவ் என்ற இரண்டு தெரிவுகளோடு கொடுங்கள், காலி ஃபோல்டர்கள் நிரம்பிவிடும்.

இறங்கியதும் கையில் இருப்பது வளர்ச்சிக் கிளை. அதாவது இன்று காலை யாரோ சேர்த்த, இன்னும் சரிபார்க்காத மாற்றம்கூட அதில் இருக்கும். முதல் பில்டுக்கு அது வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 2024இல் வந்த 1.4 பதிப்பு ஜிடிகே 3இல் ஓடுகிறது, வளர்ச்சிக் கிளையோ ஜிடிகே 4க்கு மாறிவிட்டது. கொஞ்சம் பழைய லினக்ஸ் வைத்திருந்தால் அது கேட்கும் அளவுக்குப் புதிய ஜிடிகே உங்களிடம் இருக்காது. சார்புகளை, அதாவது அது நம்பியிருக்கும் பிற மென்பொருள்களைத் தேடியே ஒரு நாள் போய்விடும்.

ஆகவே கிட் டேக் என்று தட்டி, வெளியீடுகளின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். இங்க்ஸ்கேப்_1_4 என்ற மாதிரி பெயர்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து கிட் செக்கவுட் செய்யுங்கள். உடனே 'டிடாச்ட் ஹெட்' நிலையில் இருக்கிறீர்கள் என்று கிட் ஒரு பத்தி நீளத்துக்கு எச்சரிக்கும். தலை கழன்றுவிட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை. எந்தக் கிளையிலும் இல்லாமல் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நிற்கிறீர்கள் என்கிறது, அவ்வளவுதான். அப்புறம் முக்கியமானது: பதிப்பை மாற்றியதும் சப்மாட்யூல் அப்டேட்டை இன்னொரு முறை கொடுங்கள். இல்லையென்றால் மேல் நிரல் 1.4, உள்ளே இருக்கும் லிப்2ஜியோம் வேறொரு நாளையது என்று பொருந்தாமல் நிற்கும். அந்தப் பொருந்தாமை இப்போது தெரியாது. அரை மணி நேரம் கம்பைல் ஆன (நிரல் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாறிய) பிறகு புரியாத ஒரு பிழையாக வரும்.

சார்புகள்

புதியவர்களில் பாதிப்பேர் கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இங்க்ஸ்கேப் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. ஜன்னலுக்கு ஜிடிகே, எழுத்துகளை அடுக்க பாங்கோ, கோடு தீட்ட கெய்ரோ, கணக்குக்கு ஜிஎஸ்எல், பிடிஎஃப் படிக்க பாப்ளர் என்று பிறர் எழுதிய நிரலகங்களை நம்பி நிற்கிறது. 'பாங்கோ என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகும் ஏன் இல்லை என்கிறது?' என்ற கேள்வியைப் பார்த்திருக்கிறேன், நானே கேட்டும் இருக்கிறேன். இருக்கிறதுதான். ஆனால் பாதிதான் இருக்கிறது.

ஒரு நிரலகத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஓடும்போது தேவைப்படும் இருமக் கோப்பு ஒன்று. அது எஸ்ஓ என்ற பின்னொட்டோடு இருக்கும். கம்பைல் செய்யும்போது தேவைப்படும் ஹெடர் கோப்புகள் இன்னொன்று. இவை ஹெச் என்ற பின்னொட்டோடு இருக்கும். இந்த நிரலகத்தில் என்னென்ன செயல்கள் உண்டு, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்வது ஹெடர்தான். சாதாரணப் பயனருக்கு அது எதற்கும் உதவாது என்பதால் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் அதைத் தனிப் பொதியாகப் பிரித்து, பெயரின் வாலில் '-டெவ்' என்று சேர்த்து வைக்கின்றன. ஃபெடோராவில் அதே வால் '-டெவெல்'. ஆர்ச்சில் பிரிப்பதே இல்லை, ஒரே பொதியில் இரண்டும் வந்துவிடும். ஆக, எதையாவது 'காணவில்லை' என்று பில்டு சொன்னால் முதல் சந்தேகம் டெவ் பொதி மீது விழட்டும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை அதுதான்.

கருவிகளை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். டெபியன் குடும்பத்தில் பில்ட்-எசென்ஷியல் என்ற ஒரே பொதியில் கம்பைலரும் மேக்கும் வந்துவிடும். அதோடு கிட், சிமேக், நிஞ்சா, பிகேஜி-கான்ஃபிக், சிகேஷ்.

நிரலகங்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆப்ட் பில்ட்-டெப் என்று தட்டி இங்க்ஸ்கேப் என்று பெயர் கொடுத்தால், டெபியன்காரர்கள் தங்கள் பொதியை உருவாக்கத் தேவைப்பட்ட அத்தனையையும் அது நிறுவிவிடும். ஃபெடோராவில் டிஎன்எஃப் பில்டுடெப். முதல் தடவை ஓட்டும்போது உபுண்டு, மூலப் பொதிகளின் முகவரி பட்டியலில் இல்லை என்று மறுக்கலாம். அமைப்புகளில் 'சோர்ஸ் கோட்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஆப்ட் அப்டேட் ஓட்டி, மறுபடி முயலுங்கள். ஒரு எச்சரிக்கை: பில்ட்-டெப் கொண்டுவருவது உங்கள் லினக்ஸில் இருக்கும் பதிப்புக்கான சார்புகளை. நீங்கள் பில்டு செய்வது அதைவிடப் புதியது என்றால் ஒன்றிரண்டு குறையும். அதைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்க்ஸ்கேப் திட்டத்தாரும் சார்புகளை நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் தந்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து இறக்கிய எந்த ஸ்கிரிப்டையும் சூடோ என்ற நிர்வாகி உரிமை கொடுத்து ஓட்டும் முன் ஒரு முறை திறந்து படித்துவிடுங்கள். நல்லவர்கள் எழுதியதாகவே இருக்கட்டும், என்ன நிறுவுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

சிமேக் என்ன செய்கிறது

சிமேக் கம்பைல் செய்யாது. பெயரைப் பார்த்து நெடுநாள் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உங்கள் கணினியைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கம்பைலர் இருக்கிறது, எந்த நிரலகம் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எந்தக் கோப்பை எந்த வரிசையில் கம்பைல் செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதித் தரும். திட்டத்தை நிறைவேற்றுவது மேக் அல்லது நிஞ்சா. 'சிமேக் முடிந்துவிட்டது, மென்பொருள் எங்கே?' என்று தேடாதீர்கள்; இன்னும் ஒரு வரிகூட கம்பைல் ஆகவில்லை.

களஞ்சியத்துக்குள் பில்ட் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் போய், அங்கிருந்து சிமேக்கைக் கூப்பிடுங்கள். கட்டளைக்குப் பின்னால் வைக்கும் இரண்டு புள்ளிகள், மூலநிரல் ஒரு படி மேலே இருக்கிறது என்று சொல்கின்றன. இப்படித் தனி ஃபோல்டரில் வைத்தால் உருவாகும் ஆயிரக்கணக்கான கோப்புகள் மூலநிரலோடு கலக்காது. எதுவாவது குழம்பினால் பில்ட் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அப்படி அழிக்க வேண்டியும் வரும். சிமேக் தான் கண்டுபிடித்ததை எல்லாம் சிமேக்கேஷ் என்ற உரைக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே நம்பும். நிரலகத்தைப் புதுப்பித்த பிறகும் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை, ஃபோல்டரை அழிப்பதுதான் மருந்து.

மூன்று தெரிவுகளைக் கட்டாயம் கொடுங்கள். ஒன்று, நிறுவும் இடம்: சிமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ். பில்ட் ஃபோல்டருக்குள்ளேயே இன்ஸ்டால்_டிர் என்று ஒன்றைக் காட்டிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டு, பில்டு வகை: சிமேக்_பில்ட்_டைப். ரிலீஸ் என்றால் வேகமாக ஓடும், டீபக் என்றால் பிழை தேட வசதி. இரண்டும் வேண்டும் என்றால் ரெல்வித்டெப்இன்ஃபோ என்று நீளமான பெயரில் நடுவழி ஒன்று உண்டு. நான் அதைத்தான் வைப்பேன். மூன்று, கம்பைலருக்கு முன்னால் சிகேஷை நிறுத்துவது. ஒரு முறை கம்பைல் ஆன கோப்பின் விளைவை அது சேமித்து வைத்திருக்கும், பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டும்போது அரை மணி நேர வேலை சில நிமிடங்களில் முடியும்.

சிமேக் ஓடி முடிந்ததும் எல்லாரும் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு மேலே ஒரு சுருக்கப் பட்டியல் இருக்கும், எந்தெந்த வசதி ஆன், எது ஆஃப் என்று. அதைப் படியுங்கள். கட்டாயமான சார்பு இல்லையென்றால் சிமேக் நின்று கத்தும். விருப்பச் சார்பு இல்லையென்றால் அந்த வசதியைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை நான் பில்டு செய்த இங்க்ஸ்கேப்பில் கோரல்டிரா கோப்பு எதுவும் திறக்கவில்லை. நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் மண்டையைக் குடைந்துகொண்டேன். பிழை அறிக்கைகூடப் பாதி எழுதிவிட்டேன். கடைசியில் டெர்மினலில் மேலே உருட்டிப் பார்த்தால் லிப்சிடிஆர் என்ற பெயருக்கு எதிரே ஆஃப். டெவ் பொதியை நிறுவி மறுபடி பில்டு செய்தேன், கோப்பு திறந்தது. எழுதிய அறிக்கையை யாரும் பார்க்கும் முன் அழித்தேன்.

கம்பைல்

திட்டம் தயார். இனி மேக் என்று தட்டினால் ஒவ்வொரு கோப்பாகக் கம்பைல் ஆகும். ஆனால் மேக் தானாக ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் எடுக்கும். எட்டு கோர் இருந்தாலும் ஏழு சும்மா இருக்கும். ஜே என்ற தெரிவோடு எண் கொடுத்தால் அத்தனை கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். நிஞ்சாவுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருக்கும் கோர்களை எல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். நிஞ்சா வேண்டும் என்றால் சிமேக்குக்கு ஜி என்ற தெரிவில் அந்தப் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நினைவகக் கணக்கு வருகிறது. சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்று கம்பைல் ஆக ஒரு ஜிபிக்கு மேல்கூட நினைவகம் கேட்கும். எட்டு கோர், எட்டு ஜிபி உள்ள கணினியில் எட்டையும் திறந்துவிட்டால் மௌஸ் அசையாது, கொஞ்ச நேரத்தில் திரை உறையும், பிறகு லினக்ஸ் கர்னல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையாவது கொல்லும். பெரும்பாலும் பலியாவது கம்பைலர். 'கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று ஒரு வரி வரும். இதைப் பார்த்து நிரலில் தப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நிரலில் ஒன்றும் இல்லை, இடம் போதவில்லை. ஒரு பணிக்கு ஒன்றரை ஜிபி என்று கணக்கு வைத்து எண்ணைக் குறையுங்கள். நான்கு ஜிபி கணினியில் இரண்டு போதும், பிரவுசரையும் மூடிவிடுங்கள். விட்ட இடத்திலிருந்தே தொடரும், ஏற்கெனவே கம்பைல் ஆனது வீணாகாது.

என் பழைய மடிக்கணினியில் முதல் பில்டு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஓடும்போது எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். விட்டுவிடுங்கள். எச்சரிக்கை பில்டை நிறுத்தாது. நிறுத்துவது 'எரர்' என்ற சொல் உள்ள வரி மட்டும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது? கடைசி வரியைப் படிப்பது மனித இயல்பு. அங்கே 'மேக்: எரர் 2' என்று ஏதோ இருக்கும். அதை அப்படியே தேடுபொறியில் போட்டால் உலகத்தில் உள்ள எல்லா பில்டு தோல்விகளும் வந்து நிற்கும். ஏனென்றால் அந்த வரி 'கீழே ஏதோ ஒன்று தோற்றது' என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. உண்மையான காரணம் மேலே, முதல் எரர் வரியில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் எதிரொலிகள். பல கோர்களில் ஓடும்போது வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதால் கண்ணால் தேடுவது கஷ்டம். இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, டீ என்ற கட்டளை வழியாக வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேர்த்து, அதில் எரர் என்ற சொல்லை மேலிருந்து தேடுவது. இன்னொன்று, தோற்ற பிறகு ஜே-க்கு 1 என்று கொடுத்து மறுபடி ஓட்டுவது. ஒரே பணி என்பதால் முதல் பிழையிலேயே சுத்தமாக நின்றுவிடும். கணினியின் மொழியை ஆங்கிலம் அல்லாத ஒன்றுக்கு மாற்றியிருந்தால், எல்சி_ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். செய்திகள் ஆங்கிலத்தில் வரும், தேடினால் பதில் கிடைக்கும்.

முதல் எரர் வரி கையில் வந்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். ஏதோ ஒரு ஹெச் கோப்பின் பெயரைச் சொல்லி 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் டெவ் பொதி குறைகிறது. எந்தப் பொதி என்று ஊகிக்க வேண்டாம். ஆப்ட்-ஃபைல் என்ற கருவியில் அந்தக் கோப்புப் பெயரைக் கொடுத்துத் தேடினால் பொதியின் பெயரைச் சொல்லிவிடும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் கம்பைல் வேலை முடிந்துவிட்டது, துண்டுகளைக் கோக்கும் லிங்கர் ஒரு செயலைத் தேடிக் காணாமல் நிற்கிறது என்று அர்த்தம். நிரலகம் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஹெடர் ஒரு பதிப்பு, எஸ்ஓ கோப்பு வேறு பதிப்பு என்று இரண்டு பிரதிகள் கணினியில் குழம்பிக் கிடக்கலாம். இரண்டாவதுதான் தொந்தரவு. முன்பு எப்போதோ கையால் நிறுவி மறந்துபோன ஒன்று யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டிலும் சேராமல், இங்க்ஸ்கேப்பின் சொந்த சி பிளஸ் பிளஸ் கோப்பிலேயே வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் சொன்னால், பெரும்பாலும் உங்கள் கம்பைலரோ ஒரு நிரலகமோ நிரலைவிடப் புதியது. அந்தப் பதிப்பின் அடுத்த திருத்த வெளியீட்டில் சரியாகியிருக்கும். அந்த டேகுக்கு மாறிப் பாருங்கள்.

நிறுவி ஓட்டுவது

மேக் இன்ஸ்டால், அல்லது நிஞ்சா இன்ஸ்டால். இதைச் செய்யாமல் பில்ட் ஃபோல்டரிலிருந்தே ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஐகான்களும் மெனுக் கோப்புகளும் உரிய இடத்தில் இல்லாமல் இங்க்ஸ்கேப் தடுமாறும்.

சரி, நிறுவும் இடத்தை ஏன் பில்ட் ஃபோல்டருக்குள் வைக்கச் சொன்னேன்? அதைச் சொல்லாவிட்டால் சிமேக் யூஎஸ்ஆர்/லோக்கலை எடுத்துக்கொள்ளும், அங்கே எழுத சூடோ கேட்கும். பல வருடங்களுக்கு முன் இன்னொரு மென்பொருளை பில்டு செய்தபோது, ஏதோ ஒரு குறிப்பைப் பார்த்து நான் நிறுவும் இடமாக நேரே யூஎஸ்ஆரையே கொடுத்து, சூடோவும் போட்டுவிட்டேன். பொதி மேலாளர் வைத்திருந்த கோப்புகள் மீது என் கோப்புகள் ஏறி உட்கார்ந்தன. அடுத்த வாரம் சிஸ்டம் புதுப்பித்தபோது பாதி அதனுடையது, பாதி என்னுடையது. பிரித்தெடுக்க முடியாமல் லினக்ஸையே மறுபடி நிறுவினேன். உங்கள் டைரக்டரிக்குள்ளேயே நிறுவினால் சூடோவே வேண்டாம். சூடோ கேட்காத கட்டளை சிஸ்டத்தைக் கெடுக்கவும் முடியாது. ஏற்கெனவே சூடோ போட்டு நிறுவிவிட்டீர்களா? பில்ட் ஃபோல்டரில் இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட் என்று ஒரு உரைக் கோப்பு இருக்கும். எந்தெந்தக் கோப்பு எங்கே போனது என்ற முழுப் பட்டியல் அதில் உண்டு. அதைத் தொலைக்காதீர்கள், நீக்குவதற்கு அதுதான் துணை.

இன்ஸ்டால்_டிருக்குள் பின் என்ற ஃபோல்டரில் இங்க்ஸ்கேப் இருக்கிறது. ஓட்டும்போது முழுப் பாதையையும் கொடுங்கள். வெறுமனே இங்க்ஸ்கேப் என்று தட்டினால் ஏற்கெனவே நிறுவியிருக்கும் பழையதுதான் திறக்கும், 'என் மாற்றம் ஏன் தெரியவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பாதையோடு வெர்ஷன் என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டினால் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம்: பழையதும் புதியதும் ஒரே அமைப்புக் கோப்புகளைத்தான் எடுத்துக்கொள்ளும். சோதனைப் பதிப்பு எழுதிய அமைப்பு, நீங்கள் தினமும் வேலை செய்யும் பதிப்பைக் குழப்பலாம். இங்க்ஸ்கேப்_ப்ரொஃபைல்_டிர் என்ற சூழல் மாறியில் வேறொரு ஃபோல்டரைக் காட்டிவிட்டு ஓட்டினால் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இதற்கு ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை.

'எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்' என்று சொல்லித் திறக்காமல் போனால், எல்டிடி என்ற கட்டளைக்கு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். தேவைப்படும் எஸ்ஓ கோப்புகள் வரிசையாக வரும். எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருப்பதுதான் குற்றவாளி. திறந்த பிறகு திடீரென்று நின்று விழுந்துவிட்டால் ஜிடிபி என்ற பிழை தேடும் கருவிக்குள் வைத்து ஓட்டி, விழுந்ததும் பிடி என்று இரண்டு எழுத்து தட்டுங்கள். எந்தச் செயல் எதைக் கூப்பிட்டு எங்கே விழுந்தது என்ற அடுக்கு வரும். பிழை அறிக்கையில் அதை ஒட்டினால் படிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது

இவ்வளவு பாடுபட்டு பில்டு செய்துவிட்டு, பொதியில் வருவதையே திறந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது? திரையில் தெரியும் ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு உரையாடல் பெட்டியின் தலைப்பு மாதிரி. கிட் கிரெப்புக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் எந்தெந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும். பிஓ என்ற ஃபோல்டரில் வருபவை மொழிபெயர்ப்புகள், அவற்றை இப்போதைக்கு விடுங்கள். எஸ்ஆர்சி அல்லது ஷேர் ஃபோல்டரில் இருக்கும் வரியை மாற்றி, சேமித்து, மறுபடி நிறுவும் கட்டளையைக் கொடுங்கள். இந்த முறை முக்கால் மணி நேரம் ஆகாது. மாறிய கோப்பும் அதை நம்பியிருப்பவையும் மட்டும் கம்பைல் ஆகி, சில நொடிகளில் புதுச் சொல்லோடு பெட்டி திறக்கும். மென்பொருளின் முகப்பைத் தமிழில் வைத்திருந்தால் ஒரு வேடிக்கை: மற்றதெல்லாம் தமிழில் இருக்க, நீங்கள் மாற்றியது மட்டும் மூல மொழியில் நிற்கும். மூலச் சொற்றொடரைச் சாவியாக வைத்துத்தான் மொழிபெயர்ப்பு தேடப்படுகிறது. சாவி மாறியதால் பூட்டு திறக்கவில்லை.

பிறகு புதிய பதிப்புக்குப் போக வேண்டும் என்றால் கிட் ஃபெட்ச்சை டேக்ஸ் என்ற தெரிவோடு கொடுத்து, புது டேகை செக்கவுட் செய்து, சப்மாட்யூல் அப்டேட், மறுபடி பில்டு. உங்கள் மாற்றம் குறுக்கே நிற்கிறது என்று கிட் மறுத்தால் கிட் ஸ்டாஷ் போட்டு அதை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். வினோதமான பிழை வந்தால் பில்ட் ஃபோல்டரை அழித்துத் தொடங்குங்கள்.

போதும் என்று தோன்றினால் எஸ்ஆர்சிக்குள் இருக்கும் இங்க்ஸ்கேப் ஃபோல்டரை அழித்தாலே முழுவதும் போய்விடும், நிறுவியதும் அதற்குள்தானே இருக்கிறது. ஆனால் வட்டில் எதிர்பார்த்த அளவு இடம் திரும்பி வராது. சிகேஷ் தன் சேமிப்பை வீட்டு டைரக்டரியின் மறைவான கேஷ் ஃபோல்டரில் வைத்திருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஐந்து ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். சிகேஷைப் பெரிய சி எழுத்துத் தெரிவோடு ஒரு முறை ஓட்டினால் அதுவும் காலியாகிவிடும்.